வட்டக் கோச்சி

கதவு மூடிவிட்டது. நான் வெளியே, மனுசி உள்ளே. கோச்சி போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். பாடிங்டனில் ஏறும்போதே சொன்னேன், இரண்டாவதாக வருவது பேக்கர் ஸ்ரீற், அங்கே இறங்கி வீட்டுக்குப் போகிற ஹரோ கோச்சிக்கு மாறவேண்டும் என்று. எட்ஜ்வெயார் றோட் தாண்டியதும் எழும்பும் என்றேன். எழும்பினாள். எழும்பியவள் பின்னால் வருவாள் என்றுதானே எவனும் நினைப்பான். நான் முன்னால் நடக்கிறவன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. இன்றைக்கு அவள் போட்டிருந்தது மகள் வாசுகி வாங்கிக்கொடுத்த ரப்பர் சப்பாத்து. சத்தமில்லாத சாமான். அதை நான் யோசிக்கவில்லை. நாலு அடி வைத்துத் திரும்பினால் வாசலில் மரம் மாதிரி ஒருவன், காதில் வெள்ளைக் குமிழ், அவனுக்குப் பின்னால் மனுசியின் கை, கையில் ஆஸ்பத்திரிப் பை, பையின் காது கதிரைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு நிற்கிறது. விடும் அந்தப் பையை என்று கத்தினேன். விடவில்லை. உள்ளே கண்ணுக்கு விடுகிற மருந்தும் ஒரு பிளாஸ்கும். பிளாஸ்கை விட்டுவிட்டு வருவாளா அவள். பீப் பீப் என்றது, கதவு ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்தது. அப்போதுதான் கண் ஞாபகம் வந்தது. காலையில் கிளினிக்கில் இரண்டு கண்ணுக்கும் சொட்டு விட்டுக் கருமணியை விரித்திருக்கிறார்கள். பொழுதுபடும் வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், கூட ஒருவர் இருக்கவேண்டும் என்றாள் தாதி. கூட நான் இருந்தேன்.

இருக்கட்டும். பயப்பட ஒன்றுமில்லை. இது வட்டக் கோச்சி. மஞ்சள் கோடு. லண்டனைச் சுற்றிக்கொண்டு வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வரும். இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் மனுசிக்கு நான் போட்ட முதல் சட்டம் அது. தவறிப்போனால் உள்ளே இருக்கிறவர் இறங்கக்கூடாது, வெளியே நிற்கிறவர் அசையக்கூடாது. இங்கிலீஷ் தேவையில்லை. ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. பேசாமல் இருந்தால் சுற்றி வரும். ஒருமுறை நடந்தும் இருக்கிறது. எண்பத்தைந்தோ ஆறோ, வாசுகி வயிற்றில். லிவர்பூல் ஸ்ரீற்றில் வேலை விட்ட சனத்துக்குள் அவள் அகப்பட்டுக்கொண்டாள், நான் மேடையில். நான் அசையவில்லை. அவள் இறங்கவில்லை. சுற்றி வந்தாள். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது, சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். பாத்தீரோ, சுத்தி வந்துதெல்லே என்றேன். சுவரோரம் குந்திச் சத்தி எடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சி, எடுப்பாள்தானே. சட்டம் சரியாக வேலை செய்தது, அதைப் பார்க்கவேண்டும். இன்றைக்கும் செய்யும். மேடையில் கிடந்த வாங்கில் குந்தியிருக்கிறேன். அசையவில்லை. கோட் பொக்கற் அதிர்கிறது. மனுசியின் போன். அது என்னிடம்தான் இருக்கிறது. அவளுடைய பயணக் கார்டும் என்னிடம், காசுப் பையும் என்னிடம். துலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன், வாசுகி. அம்மாவுக்குக் கண் எப்படி என்று கேட்கப்போகிறாள். அம்மா எங்கே என்று நான் யாரைக் கேட்பது. திரும்பப் பொக்கற்றுக்குள் போட்டேன். நெஞ்சுக்குப் பக்கத்தில் கிடந்து துடித்து ஓய்ந்தது.

எவன் இந்த இடத்தைக் கட்டினான். உலகத்திலேயே முதல் முதலாக நிலத்துக்குக் கீழே கோச்சி விட்ட இடம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் பழைய எஞ்சின் ஒன்றின் படம். அதற்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரப் பெடியள் நின்று போனில் படம் பிடிக்கிறார்கள். நானும் பார்க்கிறேன், எனக்கு எரிகிறது. இரண்டு பக்கச் சுவரிலும் வளைவு வளைவாகக் குடைந்த பொந்துகள். அதற்குள் வெள்ளை விளக்குப் போட்டிருக்கிறார்கள், வெயில் வருகிற மாதிரி. முந்தி அதெல்லாம் மேலே தெருவரைக்கும் போகிற குழாய். புகை போவதற்கு. போனதா. போகவில்லை. எனக்குத் தெரியும் போகவில்லை என்று, ஏனென்றால் போகாததைச் சுரண்டினவன் நான். இந்தச் சுரங்கத்தில்தான் வேலை, ஓய்வு எடுக்கும்வரை. மின்சாரத்தை நிற்பாட்டிய பிறகு உள்ளே விடுவார்கள், கையில் சுரண்டியும் வாளியும். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கறுப்பு மாவு, தொட்டால் பட்டு மாதிரி, மூக்கில் ஏறினால் இறங்காது. நூறு வருடத்துக் கரி. நீராவி எஞ்சின் போன பிறகு எத்தனை அரசர் மாறினார்கள், கரி மாறவில்லை. காலையில் வீட்டுக்குப் போய் மூக்கைச் சீறினால் லேஞ்சி கறுப்பு. மனுசி அந்த லேஞ்சிகளைத் தனியாக அவிப்பாள், மற்ற உடுப்போடு சேர்க்கமாட்டாள். டொக்டர் கேட்டான், சிகரெட் குடிப்பீரோ. இல்லை, எஞ்சின் குடித்தேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. அந்த எஞ்சின் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. கண்டிருந்தால் சுத்தியலோடு போயிருப்பேன். ஒரு வருடம் ஏதோ விழா என்று பழைய எஞ்சினைத் தேடிப்பிடித்து இதே பாதையில் ஓட்டினார்களாம், சனம் டிக்கெட் எடுத்து வந்து நின்று புகை பிடித்ததாம். விசர்ச் சனம்.

எங்களுக்குப் பேரிலேயே புகை. ஊரில் ஸ்ரேசன் பலகையில் புகையிரத நிலையம் என்று இருக்கும், டீசல் வந்த பிறகும் புகையிரதம், நாளைக்குக் கரண்டில் ஓடினாலும் புகையிரதம். மனுசிக்கு அதெல்லாம் இல்லை, எல்லாமே கோச்சி. இங்கே இவர்களுக்குப் பேரில் புகை இல்லை. சுவரில் இருக்கிறது. கோச்சி ஒன்று வருகிறது. மஞ்சள் இல்லை, ரோஸ் கோடு. இது சுற்றாது. போகட்டும். கதவு திறந்து ஆட்கள் இறங்கி ஏறினார்கள், ஒருவரும் மனுசி இல்லை. எப்படி இருப்பாள், அவள் இப்போதுதானே அந்தப் பக்கம் போனாள். சுரங்க வேலையில் எவரட் என்று ஒரு ஜமெய்க்காக்காரன் எங்களுக்கு மேலாளாக இருந்தான். பெரிய வயிறு, சின்னக் குரல். தேத்தண்ணி நேரத்தில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்துகொண்டு சொல்லுவான். எஞ்சினுக்கு இரண்டு கழிவு, புகை ஒன்று, ஆவி ஒன்று. மேலே வானம் இருந்தால் இரண்டையும் மேலே விடும். இங்கே வானம் இல்லை. அதனால் ஆவியை மேலே விடாமல் குழாய் வைத்துத் திருப்பி, அதன் விலாவில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே விட்டார்கள். ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். கெட்டித்தனம்தான். புகையை ஒன்றும் செய்யமுடியவில்லை, அதை ஆட்கள் குடித்தார்கள். ஆவியையாவது எஞ்சின் தானே குடித்தது. எவ்வளவு நேரம் குடிக்கும். தொட்டித் தண்ணீர் சூடாகும், பிறகு கொதிக்கும், கொதித்த தண்ணீர் ஆவியைக் குளிர்விக்காது. நேர்ப்பாதையில் ஓடுகிற எஞ்சின் வெளியே வயல்வெளிக்குப் போய் ஆறிக்கொண்டு வரும். வட்டப் பாதையில் ஓடினது எங்கே ஆறும். சுற்றச் சுற்றக் கொதிக்கும். ஸ்ரேசனில் நிறுத்தி வெந்நீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கவேண்டும், அதற்கும் நேரம் கொடுக்கமாட்டார்கள். டிரைவர் தாடிக்குள் இருமிக்கொண்டு அடுத்த சுற்றுப் போவான். இதை நான் ஒருநாள் வீட்டில் சொன்னேன். ஏன் சொன்னேனோ. அன்றிலிருந்து மனுசிக்கு அது பிடித்துக்கொண்டது. நான் பேசாமல் இருந்தால் போதும், குசினிக்குள் நின்று சொல்லுவாள். "உங்கட அப்பா வட்டத்திலை ஓடுறார், வாசுகி. கிட்டப் போகாதை. தொட்டி கொதிக்குது."

கொதிக்கட்டும். நான் என்ன கத்தினேனா. கத்தாதவனைப் பார்த்துத்தான் சிரிப்பு. இன்றைக்குக் காலையிலும் கிளினிக்கில் அதுதான். டொக்டர் என்னைக் கேட்டான், இவவுக்குப் பார்வை எப்போதிருந்து மங்கல் என்று. நான் சொன்னேன், போன மாரியிலிருந்து. மனுசி தமிழில் சொல்கிறாள், மூன்று வருடம். மூன்று வருடமாக நீர் சொல்லவில்லையே என்றேன். நீங்கள் கேக்கேல்லையே என்றாள். டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் என்ன கேட்பது. சோறு குழைந்ததில்லை, ஊசியில் நூல் கோத்தாள், வெள்ளிக்கிழமை தவறாமல் தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தாள். கண் தெரியாதவள் செய்கிற வேலையா இது. எதில் போகிறாள் என்று நான் கேட்டதில்லை. அதையும் கேட்கவேண்டுமோ. அடுத்த கோச்சி. மஞ்சள். எழும்பிவிட்டேன். இது அவள் போன கோச்சியாக இருக்கமுடியாது, நேரம் போதாது, ஆனாலும் கால் எழும்பிவிட்டது. ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தேன். ஒரு பச்சை தெரிந்தது, அவள் சேலை மாதிரி. யாரோ ஒருத்தியின் குடை. போய்விட்டது. திரும்ப வந்து இருந்தால் வாங்கு குளிர்ந்துவிட்டது. என்ன சனியன் சப்பாத்து அது. வாய்க்குள் திட்டினேன். வாய்க்குள்தான் என்று நினைத்தேன்.

"ஐயா தமிழோ?"

செம்மஞ்சள் மேலாடை. ஸ்ரேசன் ஆள். நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், கழுத்தே இல்லாத தடித்த உடம்பு, நெஞ்சில் யூட் என்று பேர் குத்தியிருந்தது.

"இல்லை. சீனன்."

சிரித்தான். "நானும் சீனன்தான். மன்னார். ஐயா எந்த இடம்?"

"ஏன், இடம் சொன்னால்தான் வாங்கிலை இருக்க விடுவியோ?"

"சும்மா கேட்டனான். கனநேரமா இருக்கிறியள், ஒண்டிலையும் ஏறேல்லை. ஆரையும் பாத்துக்கொண்டோ?"

சொல்லவேண்டியதாகிவிட்டது. மனுசி உள்ளே, நான் வெளியே, கண்ணுக்கு மருந்து, போன் என்னிடம். சொல்லச் சொல்ல அவன் சிரிப்பு குறைந்துகொண்டு போனது எனக்குப் பிடிக்கவில்லை. "பயப்படாதை," என்று நான் அவனுக்குச் சொன்னேன். "வட்டக் கோச்சி. சுத்தி வரும். நீ போய் உன்ரை வேலையைப் பார்."

"சுத்தி வராது ஐயா."

"என்ன?"

"இப்ப அது வட்டம் இல்லை. வெட்டிப்போட்டாங்கள், கனகாலம். முழுக்கச் சுத்திக்கொண்டு போய் எட்ஜ்வெயார் றோட்டிலை நிண்டிடும். எல்லாரையும் இறக்கிப்போடுவாங்கள்."

"எட்ஜ்வெயார் றோட் எண்டால், இது..."

"ஓம். இஞ்சயிருந்து ஒரு ஸ்ரேசன் அங்காலை."

ஓய்வு எடுத்த அன்றைக்கே சத்தியம் பண்ணினேன், இனி நிலத்துக்குக் கீழே காலை வைக்கமாட்டேன் என்று. வைக்கவும் இல்லை. எங்கே போனாலும் பஸ். இன்றைக்கு வாசுகி பிடித்த பிடியில் வந்தேன். அதற்கிடையில் வட்டத்தை வெட்டியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல். யார் சொல்லுவார்கள். "அம்மாவின்ரை பேர் என்ன ஐயா? மற்ற ஸ்ரேசனுகளுக்குச் சொல்லிவிடுறன்," என்று யூட் ரேடியோவைக் கழற்றினான்.

"மிஸ்ஸிஸ் அம்பலவாணர்."

"அது உங்கட பேர். அவவின்ரை பேர்?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. மறந்தால்தானே வராமல் இருக்க. தெரியும், ஒவ்வொரு எழுத்தும் தெரியும், தொண்டைக்குள் நிற்கிறது, மேலே வரமாட்டேன் என்கிறது. வீட்டில் நான் கூப்பிடுவது இஞ்சாரும். வெளியில் மனுசி. மகளிடம் உன்ரை அம்மா. வெள்ளைக்காரனிடம் வைஃப். காலையில் அந்தத் தாதி அந்தப் பேரை எடுத்துத் துண்டு துண்டாக உடைத்துக் கூப்பிட்டாள், நான் சரிப்படுத்தவில்லை, மனுசியின் முழங்கையில் தட்டி எழும்பும் என்றேன். இவன் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முன்பின் தெரியாத ஒருவன் காதில் அதைச் சொல்லி, அது கம்பி வழியாக ஸ்ரேசன் ஸ்ரேசனாகப் போய், கூரையில் கட்டின பெட்டிகளில் எல்லாம் முழங்கி. "பச்சைச் சேலை," என்றேன். "மேலாலை சாம்பல் கோட். கையிலை ஆஸ்பத்திரிப் பை." அவன் என்னை ஒருமுறை பார்த்தான். ரேடியோவில் பேசிக்கொண்டே படிப்பக்கம் போய்விட்டான்.

எட்ஜ்வெயார் றோட்டில் எல்லாரும் இறங்குவார்கள். அவள் இறங்கமாட்டாள். உள்ளே இருக்கிறவர் இறங்கக்கூடாது. அறிவிப்பார்கள், அவளுக்கு விளங்காது, விளங்கினாலும் இறங்கமாட்டாள், நான் சொல்லியிருக்கிறேன். பெட்டி காலியாகும். பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு நேராக இருப்பாள். யாரோ வந்து எழுப்புவான், கையைப் பிடித்து இழுப்பான். அல்லது பார்க்காமல் விட்டுவிடுவான், கோச்சி திரும்ப அதே வழியில் பின்னோக்கிச் சுற்றும், ஹை ஸ்ரீற், விக்டோரியா, டவர் ஹில், அவளுக்கு எல்லாம் ஒரே மங்கல் வெளிச்சம், ஏன் இன்னும் வரவில்லை என்று நினைப்பாள், நினைத்தாலும் இருப்பாள். அன்றைக்கு இருந்தாளே, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. அன்றைக்கு ஏன் அவள் வாயை அடைத்திருந்தாள். சத்தி வந்திருக்கிறது. வழியிலேயே வந்திருக்கிறது, கிங்ஸ் குரொசிலோ பேக்கர் ஸ்ரீற்றிலோ, கதவு திறந்து திறந்து மூடியிருக்கிறது, இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு ஒரு முழுச் சுற்று. நான் பாத்தீரோ என்றேன். தொண்டை காந்துகிறது. இருமல் வந்துவிட்டது. லேஞ்சியை எடுத்து வாயில் வைத்தேன், பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. எட்ஜ்வெயார் றோட்டுக்குப் போவதென்றால் அந்தப் பக்க மேடைக்குப் போகவேண்டும். போனால் இங்கே யார் நிற்பது. அவள் இங்கே வந்தால். எப்படி வருவாள், வட்டம்தான் இல்லையே. இல்லாத வட்டத்துக்கு நான் ஏன் காவல் இருக்கிறேன். போகவேண்டும். அசையக்கூடாது. யார் சொன்னது அசையக்கூடாது என்று. நான். எழும்பினேன். முழங்கால் பிடித்தது, சுவரைப் பிடித்தேன், கழுவி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் கை பார்த்தேன், பழக்கம். எதிர் மேடையில் ஒரு கோச்சி வந்து மறைத்துக்கொண்டு நின்றது. ஆட்கள் இறங்குகிற சத்தம். போனது. சனம் படியேறிக் கரைந்தது. எதிர்ச் சுவரில், அந்தப் பொய் வெயில் விழுகிற வளைவுக்குக் கீழே, பச்சைச் சேலை. சாம்பல் கோட். ஆஸ்பத்திரிப் பை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத் தூண் ஒன்றை உற்றுப் பார்த்தபடி நிற்கிறாள்.

"இஞ்சாரும்."

தலை திரும்பியது. "அங்கையோ நிக்கிறியள்? அந்தத் தூண்தான் நீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். அதுவும் பேசாமல் நிக்குது."

"எங்கை போனீர்?"

"எங்கை போறது. அடுத்த ஸ்ரேசனிலை இறங்கிட்டன். பின்னாலை வாற கோச்சியிலை வருவியள் எண்டு இருந்தன். ஒண்டு போச்சு, ரண்டு போச்சு. வாறவரைக் காணேல்லை. சரி, இந்த மனிசன் அசையாது, நாங்களே போவம் எண்டு மற்றப் பக்கம் ஏறி வந்தன்."

"மற்றப் பக்கம் எண்டு எப்பிடித் தெரியும்? கண் தெரியாதே."

"வெள்ளிக்கிழமையிலை நான் எதிலை போறன் எண்டு நினைச்சியள்? மாட்டு வண்டிலிலையோ? காது கேக்கும்தானே. வாய் இருக்குத்தானே."

மேடையில் நின்ற சனம் எங்களைப் பார்க்கிறது. பார்க்கட்டும். "தவறினால் இறங்கக்கூடாது எண்டு சொன்னனான்," என்றேன். குரல் பெரிதாகத்தான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. அவள் வாயைத் திறந்தாள், அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் மஞ்சள் ஒன்று வந்து நடுவில் நின்றது. கண்ணாடிக்குள்ளால் அவள் துண்டு துண்டாகத் தெரிந்தாள், ஒரு கண்ணாடியில் கை, ஒரு கண்ணாடியில் பை, வாய் அசைகிறது, கேட்கவில்லை. எவனோ ஒருவன் தன் தலையைக் கொண்டுவந்து மறைத்தான். இறங்குகிறவர்கள் என் தோளில் இடித்தார்கள். இது போகாது, இப்படியே நிற்கும், போகும்போது அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. பீப் பீப் என்றது. போனது. அவள் நின்றாள். அதே இடத்தில்.

"என்ன சொன்னீர்? கேக்கேல்லை."

"அண்டைக்கு ஒருக்காச் சுத்தினன்," என்றாள். கத்தவில்லை. ஆனாலும் கேட்டது. "அதுவே காணும்."

பொக்கற் திரும்ப அதிர்ந்தது. "நீங்கள் நில்லுங்கோ, நான் பாலத்தாலை வாறன்," என்று பையைத் தூக்கினாள். "படி கனக்க. கண் தெரியாமல் விழப்போறீர். நில்லும்," என்றேன். "நான் வாறன்." அவள் பையைக் கீழே வைத்தாள். பிளாஸ்க் நிலத்தில் முட்டுகிற சத்தம் கேட்டது. நான் படிக்குப் போனேன். படியடியில் யூட் எதிரே வந்தான், மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் ரேடியோ.

"அம்மா வந்திட்டாவாம் எண்டு கமராவிலை பாத்துச் சொன்னாங்கள். ஆர் ஐயா கொண்டுவந்து விட்டது? அவங்களுக்குச் சொல்லவேணும்."

"ஒருத்தரும் கொண்டுவரேல்லை. அவவாத்தான் வந்தவ."

"அவ எண்டால்? பேரைச் சொல்லுங்கோவன்."

கைப்பிடியைப் பிடித்தேன். முதல் படியில் காலை வைத்தேன்.

"தையல்நாயகி," என்றேன்.